ஒரு மணி ஏழு நிமிடத்தில் நின்றுபோன கர்ண மோட்சம்



கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் விஷயம், சரித்திரமும் உண்டு, ஒரு கூத்தும் உண்டு. கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அதற்காகவாவது முழுசாகப் படியுங்கள்.

போன வாரம் ரயிலுக்காக ஆரணி ரோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். (ஆரணி ரோடு ஸ்டேஷன் ஆரணியில் இல்லை, நம்ம களம்பூரில்தான் இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியாது.) "சார்!" என்று ஒரு குரல். என்னிடம் பிளஸ் டூ படித்த பையன். பையன் என்ன பையன், தலையில் பாதி நரை. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. பெயர் வேண்டாம், அவனுக்குச் சங்கடம். நெசவாளி வீட்டுப் பிள்ளை. ஊர் சமாச்சாரம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசிவிட்டு, ரயில் வரும் நேரத்தில் மெதுவாகக் கேட்டான்: "சார், அந்தக் கர்ண மோட்சம் ஞாபகம் இருக்கா?"

இருக்காதா? அந்தக் கதையை இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை. தப்பில் பாதி என்னுடையது என்பதுதான் காரணம். இப்போது எழுதுகிறேன்.

2008 வைகாசி. நமக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்தில் பாரதம் நடந்தது. கர்ண மோட்சம் அன்றைக்கு. கர்ணன் வேஷம் கட்டியவர் எழுபது வயதைத் தாண்டிய கூத்து வாத்தியார். அநேகமாக அதுதான் அவருடைய கடைசி முழு இரவு ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஊர்க்காரர்கள் காசு போட்டு வீடியோ எடுக்க ஏற்பாடு செய்தார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கட்டியக்காரன் வந்ததிலிருந்து காலை ஆறு மணிக்குக் கர்ணன் சாய்கிற வரைக்கும் எட்டு மணி நேரம். நானும் கோணிப்பை விரித்து உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் பொன்னுருவி புலம்பும்போது முகவீணை ஊதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊதினார்.

வீடியோக் கடைக்காரர் அதை விசிடி தரத்தில் ஒரே ஃபைலாக மாற்றி வைத்திருந்தார். கணக்கு எளிமைக்கு 500 கோடி பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கம்ப்யூட்டரில் இடம் எப்போதும் பற்றாது. விடுமுறையில் அங்கே வேலை பார்த்த நம்ம பையன் (அப்போது இன்ஜினியரிங் கல்லூரி மாணவன்) அவருக்காகச் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினான். பெரிய ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்கும், எத்தனை சதவீதம் முடிந்தது என்று பட்டை காட்டும், சரிபார்க்கும், பிறகு மூலத்தை அழித்துவிடும். எழுதும்போது ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து இரண்டு சந்தேகம் கேட்டான்.

"சார், ஃபைல் சைஸ் வைக்க எந்த டைப் போடறது?"

"அன்சைன்ட் லாங் போடுப்பா. அதுக்கு மேல எங்க போவப் போற?"

"விண்டோஸ்ல கெட் ஃபைல் சைஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு சார். ரெண்டாவதா ஏதோ ஒண்ணு கேக்குது. இன்னா போடறது?"

"தேவையில்லன்னா பூஜ்யம் போடு."

இவை இரண்டும் நான் சொன்ன பதில்கள். மூன்றாவதாக ஒரு புத்திமதியும் சொன்னேன்: "அழிக்கிறதுக்கு முன்னாடி நகலோட சைஸையும் ஒப்பிட்டுப் பாத்துக்கோ." அப்படியே செய்தான். புரோகிராம் ஓடியது, பட்டை நூறு சதவீதம் தொட்டது, சைஸ் ஒத்துப்போனது, மூலம் அழிந்தது.

அடுத்த ஆண்டு அந்தக் கூத்து வாத்தியார் காலமானார். கருமாதி அன்று போட்டுப் பார்க்கலாம் என்று குடும்பத்தார் கேட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததைப் போட்டால், ஒரு மணி ஏழு நிமிடம் ஓடி நின்றுவிட்டது. கர்ணன் இன்னும் திரைக்கு வெளியே வரவே இல்லை. கேமரா கேசட்டுகளில் அதற்குள் வேறு கல்யாணங்கள் ஏறியிருந்தன. கடைக் கம்ப்யூட்டரில் அழித்த இடத்திலும் அப்படியே.

ஏன் ஒரு மணி ஏழு நிமிடம்? அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் பழைய மொபெட்டில் கிலோமீட்டர் காட்டும் முள்பெட்டிக்கு ஐந்து இலக்கம். 99,999-க்கு அடுத்த கிலோமீட்டரில் 00000 ஆகிவிடும். வண்டி புதுசாகிவிட்டது என்று அர்த்தமில்லை, எண்ணுகிற இடம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டரிலும் எண்ணுக்கு இத்தனை பிட் என்று இடம் ஒதுக்குகிறார்கள். 32 பிட்டில் எண்ணக்கூடியது 4,29,49,67,295 வரை, அதாவது சுமார் 429 கோடி. அதற்கு அடுத்தது பூஜ்யம். 500 கோடியில் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் போனால் மிச்சம் 70,50,32,704. நம்ம புரோகிராம் அந்த 70 கோடி பைட்டைத்தான் ஃபைலின் முழு அளவு என்று நம்பியது. எட்டு மணி நேரத்தில் அதன் பங்கு ஒரு மணி ஏழு நிமிடம். நகலின் அளவும் 70 கோடி, எதிர்பார்த்ததும் 70 கோடி. தப்பைத் தப்போடு ஒப்பிட்டுச் சரி என்று டிக் அடித்துவிட்டது.

அந்த ஃபங்ஷன் இரண்டாவதாகக் கேட்டது என்ன தெரியுமா? "429 கோடியைத் தாண்டினால் மேல்பாதி எண்ணை எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டது. நான் "பூஜ்யம் போடு" என்றேன். வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு அதைத் தூக்கிப் போட்டுவிட்டது.

கருமாதிக்குப் பிறகு பல மாதம் இதே யோசனை. ஒரு ஃபைலின் நீளத்தை ஏன் இப்படி இரண்டு துண்டாகக் கேட்கிறார்கள்? நான் கணக்கு வாத்தியார். ஆள் இல்லாததால் கம்ப்யூட்டர் வகுப்பும் என் தலையில் விழுந்தது. பாடப் புத்தகத்தில் "இன்ட் 2 பைட், லாங் 4 பைட்" என்று அட்டவணை இருந்தது. வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தேன். அது வாய்ப்பாடு இல்லை, ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு மெஷினுக்காக யாரோ எடுத்த முடிவு என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1970-களில் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி இருவரும் யூனிக்ஸையும் சி மொழியையும் வளர்த்தது பிடிபி-11 என்ற 16 பிட் கம்ப்யூட்டரில். 16 பிட்டில் அதிகபட்சம் 65,535. ஃபைலுக்குள் ஒரு இடத்துக்குப் போக "சீக்" என்று ஒரு கட்டளை. எத்தனையாவது பைட் என்று அதற்குச் சொல்ல வேண்டும், ஆனால் 65,535-க்கு மேல் சொல்ல முடியாது. அதனால் 1975-ல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் ஒரு ஒட்டுவேலை இருந்தது: எண்ணை 512 மடங்காக எடுத்துக்கொள் என்றும் சொல்லலாம். ஒரு லட்சமாவது பைட்டுக்குப் போக வேண்டுமா? முதலில் 195 மடங்கு தாவு, 99,840 ஆகிறது. பிறகு 160 நட. படி அளந்து, மிச்சத்தை உழக்கால் அளக்கிற கணக்கு. அதே பதிப்பில் ஃபைலின் நீளத்தை டிஸ்க்கில் 24 பிட்டில் எழுதினார்கள், 1,67,77,216 பைட் எல்லை. அன்றைய டிஸ்க்குகளுக்கு அது தாராளம்.

பிறகு சி மொழிக்கு "லாங்" என்ற 32 பிட் எண் வந்தது. 1979-ன் ஏழாம் பதிப்பில் சீக் போய் "எல்சீக்" வந்தது. முன்னால் நிற்கும் அந்த "எல்" லாங்கின் எல். இன்றைக்கும் லினக்ஸில் அந்தக் கட்டளைக்கு அதே பெயர். லாங் போன பின்னும் எல் போகவில்லை.

1989-ல் சி மொழிக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் வந்தபோது, ஃபைலில் இடம் சொல்லும் எஃப்டெல், இடம் மாற்றும் எஃப்சீக் இரண்டையும் லாங்கிலேயே கட்டிப்போட்டார்கள். லாங் குறைந்தது 32 பிட் இருக்க வேண்டும் என்றார்கள், அதற்கு மேல் இருப்பது அந்தந்த மெஷினின் விருப்பம். தவறு நடந்தால் மைனஸ் ஒன்று திருப்பித் தர வேண்டும் என்பதால் மைனஸ் எண்களுக்கும் இடம் விட்டாக வேண்டும். பாதி போச்சு. மிச்சம் 2,14,74,83,647 பைட், நாம் சொல்கிற 2 ஜிபி. அதை மீறிப் போகலாம் என்று அப்போதே சிலருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எஃப்கெட்பாஸ், எஃப்செட்பாஸ் என்று இரண்டு ஃபங்ஷன்களையும் கூடவே சேர்த்தார்கள். அவை புத்தகத்தில் வைக்கும் மயிலிறகு மாதிரி. அதே பக்கத்துக்குத் திரும்பி வரலாம், எத்தனையாவது பக்கம் என்று அதைக் கேட்டு எண்ண முடியாது.

1990-களின் நடுவில் 2 ஜிபியைவிடப் பெரிய டிஸ்க்குகள் சாதாரணமாகிவிட்டன. 64 பிட் மெஷின்களில் லாங்கே 64 பிட் என்பதால் பிரச்சனை இல்லை. பெர்க்லி யூனிக்ஸ்காரர்கள் 4.4 பிஎஸ்டியில் ஃபைல் நீளத்துக்கான "ஆஃப்_டி" என்ற வகையை 32 பிட் மெஷினிலும் ஒரேயடியாக 64 பிட் ஆக்கிவிட்டார்கள். இன்றைய மேக் கம்ப்யூட்டரில் இந்தத் தலைவலி இல்லாததற்கு அந்த வம்சாவளி ஒரு காரணம். மற்ற யூனிக்ஸ் கம்பெனிகளுக்கு அது முடியவில்லை. அவர்களிடம் வாங்கியவர்கள் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்த புரோகிராம்கள் எல்லாம் 32 பிட் எதிர்பார்ப்பில் கட்டியவை. அதனால் கூடிப் பேசினார்கள். லார்ஜ் ஃபைல் சம்மிட் என்று பெயர். 1996-ல் அதன் முடிவுகள் வெளியாயின.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது ரயிலை வைத்தே புரியும். விழுப்புரம்–காட்பாடி பாதை மீட்டர் கேஜாக இருந்த காலம் நினைவிருக்கிறதா? 1,000 மில்லிமீட்டர். காட்பாடியில் சென்னை லைன் அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். இங்கிருந்து போகும் பெட்டி அந்தத் தண்டவாளத்தில் ஏறாது. நெல் மூட்டையோ புடவைக் கட்டோ, இறக்கி ஏற்ற வேண்டும். அந்தக் கூட்டத்துக்காரர்கள் முதலில் இரண்டு பாதையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள்: பழைய எல்சீக் அப்படியே இருக்க, எல்சீக்64 என்று புதுசு ஒன்று. பிறகு, புரோகிராமின் தலையில் "ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் 64" என்று ஒரு வரி எழுதினால் பழைய பெயர்களே அகலப்பாதையில் ஓடும்படி செய்தார்கள். லாங்கில் மாட்டிய எஃப்சீக், எஃப்டெல்லுக்குப் பதிலாக ஆஃப்_டியில் ஓடும் எஃப்சீக்கோ, எஃப்டெல்லோ வந்தன.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பழைய புரோகிராம் ஒன்று 2 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலைத் திறக்க வந்தால் திறக்கவே விடாதே, பிழை எண்ணோடு திருப்பி அனுப்பு என்று விதி வைத்தார்கள். தப்பான நீளத்தைச் சொல்வதைவிட "உன்னால் முடியாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது மேல். தறியில் 240 ஊசி ஜக்கார்டுப் பெட்டிக்கு 480 ஊசி டிசைனைக் கொண்டு போய்ப் பாருங்கள், நெசவாளி தொடவே மாட்டார். பாதி மயிலை நெய்துவிட்டு "முடிந்தது" என்று புடவையை மடிக்க மாட்டார்.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. 1993-ல் வந்த விண்டோஸ் என்டியின் ஃபைல் அமைப்பு ஆரம்பத்திலிருந்தே 64 பிட் நீளம் தாங்கும். ஆனால் அன்றைய சி மொழித் தரத்தில் 64 பிட் எண் கிடையாது ("லாங் லாங்" தரத்துக்குள் வந்தது 1999-ல்). ஆகவே நீளத்தைக் கீழ்ப்பாதி, மேல்பாதி என்று இரண்டாக வெட்டித் தந்தார்கள். மேல்பாதி வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று சலுகையும் கொடுத்தார்கள். அந்தச் சலுகையில்தான் நாங்கள் விழுந்தோம். விண்டோஸ் 2000-ல் முழு 64 பிட்டும் ஒரே எண்ணாகத் தரும் புதிய ஃபங்ஷன் வந்துவிட்டது. 2008-ல் நானும் பையனும் அதைத் தேடவில்லை, பழையதே புத்தகத்தில் முதலில் கிடைத்தது.

இன்னொன்று: 64 பிட் விண்டோஸிலும் லாங் 32 பிட்தான். 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட். லினக்ஸில் ஒழுங்காக ஓடிய எஃப்டெல் புரோகிராமை அப்படியே விண்டோஸில் கம்பைல் செய்தால், பெரிய ஃபைலில் இன்றைக்கும் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே அடிக்கோட்டோடு தொடங்கும் எஃப்சீக்ஐ64, எஃப்டெல்ஐ64 என்ற தனிப் பெயர்கள்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் பாஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். 500 கோடியாவது இடத்துக்குத் தாவி ஒரே ஒரு பைட் எழுதினால் போதும், நடுவில் இருப்பது வெற்றிடம். டிஸ்க்கில் இடம் பிடிக்காமலே 500 கோடி பைட் ஃபைல் தயார். அந்த 32 பிட் பாஸில் சாதாரணமாக எழுதிய சி புரோகிராம் அந்த ஃபைலைத் திறக்க மறுத்தது. தலையில் அந்த ஒரு வரியை எழுதிக் காட்டினேன், திறந்தது. அதே வரியை ஹெடர் ஃபைல்களுக்குக் கீழே எழுதிக் காட்டினேன், மறுபடி மறுத்தது. தண்டவாளம் போட்ட பிறகு அகலத்தை மாற்றச் சொன்னால் எப்படி? "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று ஒரு பெண் கேட்டாள். வராது என்றேன். பாதிப் பேர் நோட்டை மூடிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். படிக்கிறவர்களில் சிலராவது இன்னும் சி எழுதுகிறீர்கள். நீளத்தை இன்ட், லாங் இரண்டிலும் வைக்காதீர்கள், எந்த மெஷினிலும் 64 பிட் என்று உறுதியுள்ள வகையில் வையுங்கள். ஆஃப்_டி 8 பைட் இல்லையென்றால் கம்பைலே ஆகக் கூடாது என்று ஒரு வரி எழுதிவிடலாம். நகல் எடுக்கும்போது முன்கூட்டிக் கேட்ட நீளத்தை நம்பாமல், இனி படிக்க ஒன்றுமில்லை என்கிற வரை படியுங்கள். நாங்கள் இதை மட்டும் செய்திருந்தாலே கர்ணன் வெளியே வந்திருப்பான். இரண்டு ஃபைலையும் திரும்பப் படித்து உள்ளடக்கத்தை ஒப்பிட்ட பிறகுதான் மூலத்தில் கை வைக்க வேண்டும். ஒரே புரோகிராமில் ஒரு லைப்ரரி 32 பிட் நீளத்திலும் இன்னொன்று 64 பிட் நீளத்திலும் கட்டியிருந்தால், அது பழைய காட்பாடிதான். இங்கே கைமாறும் எண்ணை இறக்கி ஏற்ற ஆள் கிடையாது, தப்பான இடத்தில் போய் விழும்.

பென்டிரைவ் பற்றியும் கேட்பீர்கள். "ஃபைல் பெரிசா இருக்கு, ஏறமாட்டேங்குது" என்று கல்யாண வீடியோவோடு எத்தனை பேர் என்னிடம் வந்திருக்கிறீர்கள்! அது எஃப்ஏடி32. ஃபைலின் நீளத்தை அந்த அமைப்பே 32 பிட்டில்தான் எழுதி வைக்கிறது, 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாகத்தான் தாங்கும். எக்ஸ்எஃப்ஏடிக்கு மாற்றினால் ஏறும். அதுவாவது வாய் திறந்து மறுக்கிறதே.

64 பிட் எவ்வளவு தாங்கும் என்று அந்த வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு இரவுக்கு 500 கோடி பைட் வீதம் தினமும் கூத்தைப் பதிவு செய்தால், ஒரே ஃபைலில் சுமார் 50 லட்சம் ஆண்டு ஆடலாம்.

ஸ்டேஷனில் பையன் அந்தப் பழைய பேச்சை எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் இப்போது பார்க்கும் வேலையே இதன் தம்பி. பழைய 32 பிட் சிஸ்டங்கள் நேரத்தை 1970-லிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன. அதே 214 கோடி எல்லை. 2038 ஜனவரி 19, நம்ம நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அது நிரம்பும். லினக்ஸில் 32 பிட் மெஷின்களுக்கு 64 பிட் நேரம் தரும் வசதி 2021-ல் ஜிலிப்சி 2.34-ல் வந்தது. அதற்கு ஒரு நிபந்தனை: "ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் 64" என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் பிசியைத் தவிர மற்ற 32 பிட் மெஷின்களை எல்லாம் அப்படி மாற்றிவிட்டது. "சார், 1996-ல போட்ட அதே வரிய நான் இப்ப ஒவ்வொரு ஃபைலா போய் எழுதினு இருக்கேன்" என்றான். சிரித்தோம். பிறகு அவன் சிரிக்கவில்லை. "அவங்க பேரப்புள்ள கூத்து கத்துக்குதாம் சார். தாத்தா கர்ணனா ஆடறத ஒரு தடவகூடப் பாத்ததில்லயாம்."

ரயில் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டான்.

இனி வேண்டுகோள். 2008 வைகாசியில் அந்தக் கூத்துக்கு நம்ம களம்பூரிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். கேமரா வைத்த செல்போன்கள் அப்போதே சிலரிடம் இருந்தன. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு இளைஞர்கள் கையை உயர்த்திப் பிடித்து ஏதோ எடுத்துக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. பழைய போனிலோ, மெமரி கார்டிலோ, எங்காவது எரித்து வைத்த சிடியிலோ இருந்தால் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிடம் என்றாலும் பரவாயில்லை, படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, குரல் மட்டும் இருந்தாலும் போதும். கார்டு திறக்கவில்லை என்றால் ஃபார்மேட் செய்யச் சொல்லிக் கேட்கும். செய்துவிடாதீர்கள், அப்படியே எடுத்து வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.